பிணைக்கு விலை பேசலாமா?

தென்மாவட்டத்தாருக்குச் சென்னையின் வாயில் தாம்பரம். இராமநாதபுரத்துச் சீமையிலிருந்தும் தஞ்சைத் தரணியிலிருந்தும் வரும் இரயில்கள் இங்கு நின்றே எழும்பூர் செல்கின்றன. பெட்டியுடன் இறங்கும் இளைஞன், மின்சார இரயிலுக்கு மாறித் திரிசூலத்தில் இறங்கினால் எதிரே மீனம்பாக்கம் விமான நிலையம். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பின்னர், பேருந்தில் வருவோருக்கும் இதுவே வழி. சபுராளிகள் புறப்பட்டுச் செல்லும் இந்தப் பாதையின் இருமருங்கிலும் சபுராளிகளின் குடும்பங்கள் குடியேறி வாழ்கின்றன. சேலையூரிலும் பல்லாவரத்திலும் பம்மலிலும் மேடவாக்கத்திலும் வளைகுடாப் பணத்தால் எழுந்த வீடுகள் எத்தனை! அவ்வீடுகளின் சுவருக்குப் பின்னால் உள்ள கவலையை அறிந்தவர் மிகச் சிலரே.

அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர் கையைப் பற்றிக்கொண்டார். நான்கு நாட்களுக்கு முன் அவருடைய மனைவி மவுத்தாகியிருந்தார். ஜனாஸாவுக்கு ஒரே மகன் வரவில்லை. அவன் சவூதி அரேபியாவில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்க்கிறான். அவனுடைய இகாமா காலாவதியாகி ஏழு மாதங்கள் ஆகின்றன. நடப்பிலுள்ள இகாமா இல்லாதவனுக்கு, ஊருக்குப் போய்த் திரும்புவதற்கான அனுமதி கிடைக்காது. அவன் வேலை செய்யும் கடையின் உரிமையாளர் ஒருவர். காகிதத்தில் அவனுக்குக் கபீலாக இருப்பவர் வேறொருவர். அந்தக் கபீலோ, ஆண்டுதோறும் தமக்குரிய தொகை வந்து சேராமல் புதுப்பிக்க மாட்டேன் என்கிறார்.

“இதில் என் மகன் செய்த தவறு என்ன, தம்பி? ஃப்ரீ விசா என்றுதான் சொன்னார்கள். கேட்ட பணத்தில் ஒரு ரூபாய் குறைக்காமல் கொடுத்தோமே!” என்று அவர் கேட்டார்.

துக்க வீட்டாரிடம் நியாயம் பேசுவது முறையன்று. ஆகவே அன்று ஆறுதல் மட்டுமே கூறினேன். ஆனால் அந்தக் கேள்விக்குரிய விடையை நம் சமுதாயம் முழுவதும் சேர்ந்து கூறியாக வேண்டிய காலம் வந்துவிட்டது. பணத்தைக் குறைவின்றிக் கொடுத்தோம் என்று அவர் எதைச் சொன்னாரோ, அங்கேதான் தவறு தொடங்குகிறது.

இகாமா என்பது என்ன?

விசா என்பது ஒரு நாட்டின் வாயிலைத் திறக்கும் சாவி. உள்ளே சென்றபின் அங்கு வாழ்வதற்கும் உழைப்பதற்கும் தனி அனுமதி வேண்டும். சவூதியில் அதனை இகாமா என்பர். அந்நாட்டுக்குள் நுழைந்த தொண்ணூறு நாட்களுக்குள் அதனைப் பெற்றுத் தருவது முதலாளியின் கடமை. அந்நாட்டின் 2005-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, வெளிநாட்டவரை அழைத்துவரும் செலவும், இகாமாவையும் வேலை அனுமதியையும் பெறும் செலவும், புதுப்பிக்கும் செலவும், தாமதித்தால் விழும் அபராதமும் முதலாளியையே சாரும் என்று வகுத்திருக்கிறது. 39-ஆம் பிரிவு, ஒருவருடைய பெயரில் வந்தவர் முறையான மாற்றமின்றி வேறொருவரிடம் வேலை செய்வதையும், தம் சொந்தக் கணக்கில் தொழில் நடத்துவதையும் தடுக்கிறது.

ஐக்கிய அரபு அமீரகத்திலும் இதே நிலைதான். 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டம், ஆள் சேர்ப்புச் செலவைத் தொழிலாளியின் தலையில் சுமத்துவதை வெளிப்படையாகவே தடுத்திருக்கிறது. குவைத்து நாட்டில் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வதிவிடச் சட்டம், பணம் வாங்கிக்கொண்டு வதிவிட அனுமதியை விற்பதைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்று அறிவித்திருக்கிறது.

சட்டம் இவ்வாறு இருக்க, ‘ஃப்ரீ விசா’ என்று ஒன்று எங்கிருந்து வந்தது? எந்த நாட்டுச் சட்டப் புத்தகத்திலும் அப்படியொரு விசா இல்லை. அது தரகர்கள் சூட்டிய பெயர். யாரோ ஒருவர் தம் பெயரில் ஆள் வேண்டுமென்று அனுமதி பெறுகிறார். அந்த அனுமதி கைமாறி, விலை ஏறி, நம் தெருவுக்கு வந்து சேர்கிறது. வாங்கியவன் அங்கு சென்று தனக்கு வேண்டிய வேலையைத் தானே தேடிக்கொள்கிறான். கபீலுக்கு மாதந்தோறுமோ ஆண்டுதோறுமோ ஒரு தொகை கட்டுகிறான். இலவசமும் இல்லாத, சுதந்திரமும் இல்லாத ஒன்றுக்கு ‘ஃப்ரீ’ என்று பெயர் வைத்தவனின் துணிச்சலை என்னென்பது!

கஃபாலத் என்ற சொல்லின் மாண்பு

கபீல் என்ற சொல்லைக் கேட்டாலே நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இன்று அச்சம் உண்டாகிறது. ஆனால் அச்சொல் இயல்பில் கனிவு நிறைந்த சொல்லாகும். பொறுப்பேற்பவர், பிணை நிற்பவர், பராமரிப்பவர் என்பதே அதன் பொருள். பச்சிளங் குழந்தையான மர்யம் (அலை) அவர்களை ஸகரிய்யா நபி (அலை) அவர்கள் ஏற்று வளர்த்ததைத் திருமறை குறிப்பிடும்போது இந்தச் சொல்லின் வேரையே கையாளுகிறது. அநாதையைப் பொறுப்பேற்று வளர்ப்பவரின் சிறப்பைக் கூறிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் இச்சொல்லையே பயன்படுத்தினார்கள்.

இன்னும் ஒன்று உண்டு. ஒருவருக்காகப் பிணை நிற்பது அறம் சார்ந்த உதவி. அதற்குக் கட்டணம் வாங்கலாகாது என்பதே மார்க்கச் சட்ட மேதைகளில் பெரும்பாலோரின் கருத்து. அப்படியானால், ஆண்டுக்கு இவ்வளவு என்று விலை பேசித் தம் பெயரை வாடகைக்கு விடுபவர் எந்தப் பொருளில் கபீல் ஆவார்? அவரிடமிருந்து அந்தப் பெயரை வாங்கி, மேலும் ஒரு விலை வைத்து விற்பவரை என்னவென்று அழைப்பது?

அயல்நாட்டில் உழைக்கச் செல்வோருக்குத் திருமறை தரும் முன்மாதிரி ஒன்றுண்டு. மூஸா நபி (அலை) அவர்கள் எகிப்தைவிட்டுத் தனியராய் வெளியேறி மத்யன் நகரை அடைந்தார்கள். கிணற்றடியில் ஒதுங்கி நின்ற இரு பெண்களின் ஆடுகளுக்கு நீர் புகட்டினார்கள். அப்பெண்களின் தந்தை - அவர் ஷுஐப் நபியே என்று பலர் கூறுவர் - அவர்களை அழைத்து வேலை தந்தார். அங்கே பேசப்பட்ட உடன்படிக்கையைக் கவனியுங்கள். தவணை எட்டு ஆண்டுகள், விரும்பினால் பத்து. பிரதிபலன் இன்னதென்று முன்னரே தெளிவாக்கப்பட்டது. உம்மைச் சிரமத்துக்கு ஆளாக்க நான் விரும்பவில்லை என்ற பொருளில் வேலை தந்தவர் வாக்களித்தார். நடந்த பேச்சுக்கு இறைவனே சாட்சி என்று வேலை ஏற்றவர் உரைத்தார். தவணை முடிந்தது, மூஸா நபி தம் குடும்பத்தாருடன் புறப்பட்டுவிட்டார்கள்.

தவணை, கூலி, நடத்தை, புறப்பாடு ஆகிய நான்கும் அந்த உடன்படிக்கையில் தெளிவாக இருந்தன. இன்று நம் பிள்ளைகள் கையொப்பமிடும் ஏற்பாட்டில் இந்நான்கில் எது தெளிவாக இருக்கிறது? கூலி தருபவர் ஒருவர், பெயர் தருபவர் மற்றொருவர் என்றால் உடன்படிக்கை யாருடன்? புறப்படும் உரிமை யார் கையில்? அந்தப் பெரியவரின் மகன் உழைத்தது கடைக்காரரிடம். அவன் தாயின் முகத்தைப் பார்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ததோ, அவன் ஒரு நாளும் வேலை செய்திராத வேறொருவர்!

மறுதரப்பு வாதம்

இதற்கு மறுமொழி கூறுவோர் உண்டு. அவர்கள் வாதத்தைப் புறக்கணிப்பது நேர்மையாகாது. “கம்பெனி விசாவில் போனால் குறைந்த சம்பளத்தில் இரண்டாண்டு கட்டுண்டு கிடக்க வேண்டும். முதலாளி கொடியவராக வாய்த்தாலும் மாற வழியில்லை. ஃப்ரீ விசாவில் போனவனோ கைத்தொழில் இருந்தால் கூடுதலாகச் சம்பாதிக்கிறான். வீடு கட்டியவர்கள், தங்கைகளைக் கரையேற்றியவர்கள் எல்லாம் அப்படிப் போனவர்கள்தாமே?” என்பர்.

இதில் உண்மை உண்டு. தொழிலாளியை ஒரே முதலாளியுடன் பிணைத்த பழைய முறையே இந்தக் கள்ளச் சந்தையைப் பிறப்பித்தது என்பதை மறுப்பதற்கில்லை. பாஸ்போர்ட்டைப் பறித்து வைத்துக்கொண்டவர்களும், கூலியை மாதக் கணக்கில் நிறுத்தியவர்களும் இருந்தார்கள், இருக்கிறார்கள். உழைத்தவனின் கூலியைத் தாமதிக்கலாகாது என்று வலியுறுத்திய நபிபெருமானாரின் (ஸல்) சமுதாயத்தில், வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியை மறுப்பவனுக்கு எதிராக மறுமையில் இறைவனே வழக்காடுவான் என்ற எச்சரிக்கை புகாரியில் பதிவாகியிருக்கும் நிலையில், இவை நடப்பது வெட்கக்கேடு.

ஆயினும் காலம் மாறிவருகிறது. கத்தார் நாடு 2018-லும் 2020-லும் இயற்றிய சட்டங்களால், பெரும்பாலான தொழிலாளர்கள் முதலாளியின் அனுமதிச் சீட்டின்றி நாடு திரும்பவும், தடையில்லாச் சான்றின்றி வேலை மாறவும் வழிவகுத்தது. சவூதி அரேபியா 2021 மார்ச் 14 முதல், ஒப்பந்தம் முடிந்த தொழிலாளி முதலாளியின் இசைவின்றி வேறிடம் மாறவும், ஊருக்குச் சென்று திரும்பும் அனுமதியைக் கணினி வழியே தாமே கோரவும் இடமளித்தது. இச்சீர்திருத்தங்கள் முழுமையானவை என்று கூற முடியாது. வீட்டு வேலைக்காரர், வீட்டு ஓட்டுநர், தோட்டக்காரர், ஆடு மேய்ப்போர், பண்ணையாளர் ஆகியோர் சவூதியின் அந்த ஏற்பாட்டில் சேர்க்கப்படவில்லை. குவைத்து 2025 ஜூலை முதல், தனியார் நிறுவனத் தொழிலாளர் நாட்டைவிட்டு வெளியேற முதலாளியின் அனுமதி பெற வேண்டும் என்று புதிதாக விதித்தது. முன்னேறும் நாடும் உண்டு, பின்னடையும் நாடும் உண்டு.

ஆனால் இங்கே ஓர் உண்மையை உற்று நோக்க வேண்டும். திறந்திருக்கும் இக்கதவுகள் பெரும்பாலும் ஒப்பந்தம் உள்ளவனுக்கே திறந்திருக்கின்றன. கடையில் உழைத்துக் காகிதத்தில் வேறிடத்தில் இருப்பவன் எந்த ஒப்பந்தத்தைக் காட்டி மாறுவான்? கூலி நின்றால் எந்தத் தொழிலாளர் மன்றத்தில், யார்மீது வழக்குத் தொடுப்பான்? வேலையில் அடிபட்டால் இழப்பீடு தரக் கடமைப்பட்டவர் எவர்? கபீல் கோபமுற்று, ‘இவன் ஓடிப்போய்விட்டான்’ என்று ஒரு புகார் பதிந்தால் - ஹுரூப் என்று அங்கே சொல்வது இதைத்தான் - ஓடாதவனும் ஓடியவனாகிப் பிடிபட்டுத் திருப்பி அனுப்பப்படுவான். விடுதலை தரும் என்று வாங்கிய விசா, சட்டம் தரும் விடுதலைகளிலிருந்தே அவனை விலக்கி வைத்துவிடுகிறது!

2013-ஆம் ஆண்டை நம் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். நிதாகத் என்ற உள்நாட்டார் வேலைவாய்ப்புத் திட்டத்தை ஒட்டிச் சவூதி அரசு கடுஞ்சோதனை தொடங்கியது. ஒருவர் பெயரில் வந்து மற்றொருவரிடம் வேலை செய்தோருக்கு, நிலையைச் சீர்செய்துகொள்ளவோ தண்டனையின்றி நாடு திரும்பவோ ஏப்ரலில் அவகாசம் தரப்பட்டு, நவம்பர்த் தொடக்கம் வரை நீட்டிக்கப்பட்டது. அப்பொழுது அஞ்சி நின்றவர்களில் பெரும்பகுதி யார்? ‘ஃப்ரீ விசா’க்காரர்களே அல்லவா? அதன் பின்னர் 2017-இல் சவூதியிலும், 2018-லும் 2024-லும் அமீரகத்திலும் குவைத்திலும் பொதுமன்னிப்புகள் அறிவிக்கப்பட்டன. ஒவ்வொரு பொதுமன்னிப்பின்போதும் வரிசையில் நிற்போரின் முகத்தில் இதே கதைதான் எழுதப்பட்டிருக்கிறது.

விற்பவர் யார்?

கசப்பான உண்மையைச் சொல்லியாக வேண்டும். இந்த விசாவை நம் பிள்ளைகளுக்கு விற்பவர் எங்கோ இருக்கும் அந்நியர் அல்லர். பல வேளைகளில் அவர் நம் ஊர்க்காரர், நம் மச்சான், தாய்மாமனின் சம்பந்தி. முதலில் சென்று நிலைகொண்டவர், தமக்குத் தெரிந்த அரபியிடம் அனுமதியைப் பெற்று, ஊரில் ஒரு விலைக்கு விற்கிறார். ‘உதவி செய்தேன்’ என்றும் சொல்லிக்கொள்கிறார். வாங்கியவனுடைய தாயின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. அந்த விலையில் ஒரு பகுதி சில நேரங்களில் பள்ளிவாசலின் கட்டட நிதிக்கும் வந்து சேர்கிறது. நாமும் மகிழ்ந்து துஆச் செய்கிறோம்!

இந்திய அரசின் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வோர் சட்டம், உரிமம் பெறாதவர் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பதைக் குற்றமாக வகுத்தது. உரிமம் பெற்ற முகவரும் சேவைக் கட்டணமாக முப்பதாயிரம் ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டுமே வாங்கலாம் என்பது அச்சட்டத்தின்கீழ் வந்த விதி. பத்தாம் வகுப்புத் தேறாதோர் குறிப்பிட்ட பதினெட்டு நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும் என்றும் ஏற்பாடு செய்யப்பட்டது. அந்த அலுவலகம் சென்னையிலும் இயங்கிவந்திருக்கிறது. அவ்வழியே செல்வோருக்குப் பத்து இலட்ச ரூபாய்க் காப்பீடும் உண்டு. அந்தச் சோதனையைத் தவிர்ப்பதற்காகவே சிலர் சுற்றுலா விசாவில் அனுப்பி வைக்கிறார்கள். சுற்றுலா விசாவில் சென்றவன் வேலை செய்வது அமீரகத்தில் குற்றம். காப்பீடும் அவனுக்கு இல்லை. தமிழ்நாடு அரசே 1978-இல் தோற்றுவித்த அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் கிண்டியில் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து சிறிது தூரம்தான். அதன் படியேறாமல் தரகரின் வீட்டு வாசலில் காத்துக் கிடக்கிறோம்.

நம் முன்னோருக்கும் இந்தப் பாடம் புதிதன்று. மலேயாவில் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்து வாழ்ந்தவர்களில் குடியுரிமை பெறாதோர், 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் ‘பெர்மிட்’ இருந்தால்தான் வேலை என்ற நிலைக்கு ஆளானார்கள். 1969-லும் அதனை அடுத்தும் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பியோர் பலர். காகிதம்தானே என்று அலட்சியம் செய்தவர்களுக்கு அந்தக் காகிதமே வாழ்வாயிற்று.

நாம் செய்ய வேண்டியவை

இதன் தீர்வு முழுவதும் அரசுகளின் கையில் இல்லை. நம் வீட்டுக் கூடத்திலும் ஜமாஅத்திலும் செய்யத்தக்கவை உண்டு.

பிள்ளையை அனுப்பும் முன் ஐந்து கேள்விகளுக்கு எழுத்தில் விடை பெறுங்கள். கபீலின் பெயர் என்ன? வேலை தருபவரும் அவரும் ஒருவர்தாமா? சம்பளம் எவ்வளவு? இகாமாவின் செலவை ஏற்பவர் யார்? தவணை முடிந்து திரும்பும் பயணச் சீட்டு யாருடையது? ‘எல்லாம் நம்ம ஆள்தான், எழுத்து எதற்கு?’ என்பாரிடம் விலகி நில்லுங்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், கடன் கொடுக்கல் வாங்கலைத் தவணையுடன் எழுதிச் சாட்சி வைக்கப் பணிக்கும் வசனமாகும். நம்பிக்கை இருக்கும் இடத்திலும் எழுத்து வேண்டும் என்பதே அதன் படிப்பினை அன்றோ?

பாஸ்போர்ட், ஒப்பந்தம், இகாமா ஆகியவற்றின் நகல்கள் வீட்டில் இருக்கட்டும். பாஸ்போர்ட் இந்திய அரசின் உடைமை. அதனைப் பறித்து வைத்துக்கொள்ள எந்த முதலாளிக்கும் உரிமையில்லை என்பதைப் பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள். இகாமாவின் முடிவு நாளை அவன் தன் கைப்பேசியிலேயே சரிபார்த்துக்கொள்ளச் சவூதி அரசின் அப்ஷர் செயலி இருக்கிறது.

ஏற்கெனவே சிக்கியிருப்பவனிடம், ‘இன்னும் ஓராண்டு பொறுத்துக்கொள், தங்கைக்கு நிக்காஹ் இருக்கிறது’ என்று எழுதாதீர்கள். நம் தேவைகளின் பட்டியல்தான் அவனை அந்தக் கடையிலே அடைத்து வைத்திருக்கிறது. இந்தியத் தூதரகங்களில் 2009 முதல் இந்தியச் சமூக நல நிதி ஒன்று இயங்கிவருகிறது. இடர்ப்பட்டோர் நாடு திரும்ப உதவுவது அதன் பணிகளில் ஒன்று. பொதுமன்னிப்பு அறிவிக்கப்படும் நாளுக்குக் காத்திராமல், இப்போதே தூதரகத்தை நாடச் சொல்லுங்கள்.

ஜமாஅத்தார்க்கும் ஒரு வேண்டுகோள். நிக்காஹ் பதிவுப் புத்தகத்தைப் பார்க்க ஆள் வைத்திருக்கிறோம். ஜகாத்தைக் கணக்கிட ஆள் வைத்திருக்கிறோம். ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம், பயணம் புறப்படும் இளைஞரின் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல, அரபும் ஆங்கிலமும் அறிந்த ஒருவரை உட்காரவைத்தால் என்ன? ஓய்வுபெற்றுத் திரும்பிய சபுராளிகள் நம் பகுதியில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாத தந்திரம் எதுவும் தரகருக்குத் தெரியாது. அத்துடன், விசாவை விலைக்கு விற்பவர் தரும் நன்கொடையை வாங்குவதா என்று உலமாப் பெருமக்களிடம் கேட்கும் துணிவும் நமக்கு வர வேண்டும்.

நம் வீடுகள் ஒவ்வொன்றிலும் சுவரில் தொழுகை நேர அட்டை தொங்குகிறது. சஹர் எப்போது முடிகிறது, இஃப்தார் எப்போது என்று நிமிடக் கணக்கில் பார்க்கும் உம்மாமார்கள், அதே அட்டையில் மகனின் இகாமா முடியும் நாளையும் வட்டமிட்டு வைக்கட்டும். அந்த நாளுக்கு மூன்று மாதம் முன்பே, ‘புதுப்பித்தாயிற்றா?’ என்று அவனைக் கேட்கட்டும். அந்தப் பெரியவரின் வீட்டுச் சுவரிலும் அப்படியொரு வட்டம் இருந்திருக்குமானால், சிக்கல் முற்றுமுன்னரே தெரியவந்திருக்கும். கடைசியாக ஒரு முறை தாயின் முகத்தைப் பார்க்கும் வாய்ப்பு அந்த மகனுக்குக் கிடைத்திருக்கவும் கூடும்.

அயலகத்தில் உழைக்கும் நம் பிள்ளைகள் அனைவரையும் நல்லோர் பொறுப்பில் சேர்த்து, உரிய கூலியுடனும் உடல் நலத்துடனும் அவரவர் வீடு சேர்ப்பிக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக!